மாப்பிள்ளையின் ஏலக்காய் ஸ்வெட்டர்

புரட்டாசி வெயிலில் போடிநாயக்கனூரில் உட்கார்ந்து உல்லன் ஸ்வெட்டர் பின்னுகிறவளைப் பற்றி ஒரு தெரு என்ன பேசுமோ அதைத்தான் ராமுத்தாயின் தெருவும் பேசியது. எதிர்வீட்டுக் கருப்பம்மாள் மட்டும் முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கமே இல்லாதவள். நேரே வந்து நிலைப்படியில் நின்று கேட்டுவிட்டாள்.

“ஏத்தா ராமுத்தாயி, ஊரே விசிறியும் கையுமா அலையுது. உன் வீட்டுக்குள்ள மட்டும் பனி பெய்யுதாக்கும்?”

“எனக்கில்லடி. மாப்ளைக்கு. தலைதீவாளிக்கு.”

“தலைதீவாளிக்கு மோதிரம் போடுவாக, வாட்சு கட்டுவாக. நீ என்னாடான்னா கம்பளி போத்துறியே!”

“மோதிரம் எல்லா மாமியாளும்தான் போடுவா. சோலியப் பாத்துட்டுப் போ. கண்ணி எண்ணுறப்ப வந்து வாயக் கொடுக்காத.”

ராமுத்தாய்க்கு நாற்பத்து மூன்று வயது. வீட்டுக்காரர் கோட்டைச்சாமி மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். போகும்போது அரிசியும் மண்ணெண்ணெயும் ஆட்களும், வரும்போது ஏலக்காய் மூட்டையும் அதே ஆட்களும் என்று தினமும் ஒரு லோடு. ஒரே மகள் சந்திரவல்லியை அந்த வைகாசியில்தான் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் சோணைமுத்துவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பச்சை ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோரில் அவருக்கு வேலை. உள்ளே இருந்தால் அடுப்பு அனல், வெளியே கால் வைத்தால் மூடுபனி. அனலுக்கும் பனிக்கும் மாறி மாறி நடந்து மனிதருக்கு வருஷம் பூராவும் தும்மல்.

ஆனால் தும்மல் ஒரு சாக்குத்தான். நிஜக் காரணம் அரிசிப் பானைக்கு மேலே செருகி வைத்திருந்த ஓர் இன்லண்ட் கடிதம். ராமுத்தாய் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். அதை அவள் நாலு தரம் படித்திருந்தாள். நாலு தரமும் அதே மாதிரிதான் எழுதியிருந்தது.

“ஆத்தாவுக்குச் சந்திரா எழுதிக்கொண்டது. நலம். இவருக்கு உன்மேல் ரொம்ப மனத்தாங்கல். கல்யாணத்தன்றைக்கும் சரி, மறுவீட்டுக்கு வந்தபோதும் சரி, நீ அவரை ஒரு வார்த்தை ‘வாங்க’ என்று சொல்லவில்லையாம். முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். பிடிக்காதவனுக்கு ஏன் பெண் கொடுத்தார்கள் என்று கேட்கிறார். தலைதீபாவளிக்கு நான் வரவில்லை, நீ வேண்டுமானால் போய்க்கொள் என்கிறார். நான் மட்டும் வந்து நின்றால் நல்லாவா இருக்கும்? அதனால் நானும் வரவில்லை. முறுக்கு சுட்டால் அப்பாவிடம் கொடுத்துவிடு.”

அந்த முறுக்கு வரிக்கு வந்ததும் ராமுத்தாய் கடிதத்தை மடித்துப் பழைய இடத்திலேயே செருகிவிடுவாள்.

அவள் பிறந்த சிலமலையில், அவள் வீட்டு வழக்கப்படி, மாமியார்க்காரி மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்கமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “தண்ணி வேணுமான்னு கேளு, இன்னொரு தோசை வைக்கவான்னு கேளு” என்று நடுவில் ஓர் ஆளை வைத்துத்தான் பேசுவாள். அதற்குப் பெயர் மரியாதை. ராமுத்தாயின் ஆத்தாவைக் கோட்டைச்சாமி இருபது வருஷத்தில் வளையல் சத்தமாகத்தான் அறிவார். சொந்தத்திலேயே கொடுத்திருந்தால் இந்த வம்பே இருந்திருக்காது. சோணைமுத்து அசல், உறவு கிடையாது. அதிலும் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். தோட்டத்து லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம். குளிர் வந்துவிட்டால் மாமியார், மாப்பிள்ளை, பக்கத்து வீட்டு ஆடு எல்லாரும் ஒரே அடுப்பைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். ஒளிந்து நின்று மரியாதை காட்ட அங்கே கதவு ஏது?

“நீங்க எடுத்துச் சொல்லலையா?” என்று கோட்டைச்சாமியைக் கேட்டாள்.

“சொல்லாம இருப்பனா? ‘எல்லாம் ஒரு மரியாதைக்குத்தான் மாப்ளே’ன்னேன். ‘கண்ணெடுத்துப் பாக்காதது மரியாதையா மாமா’ன்னு கேட்டுட்டாரு. கியரு மாத்திக் கெளம்பி வந்துட்டேன்.”

பேசவும் முடியாது, முன்னால் போய் நிற்கவும் முடியாது. வேறு என்னதான் செய்வது? கை இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான்.

கல்யாணமான புதிதில் கோட்டைச்சாமி தோட்டத்து லாரி ஓட்டியபோது அவர்கள் ஆறு வருஷம் மலையில் குடியிருந்தார்கள். அங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் ஏலியம்மா, கோட்டயத்துக்காரி, அவளுக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தாள். தொப்பி, காலுறை, கைக்குழந்தைச் சட்டை என்று ராமுத்தாய் அந்த லயத்துக்கே போர்த்திவிட்டாள். கடைசியாக ஏலியம்மா சொல்லிக் கொடுத்தது தோளைச் சுற்றி வட்டமாகப் பூ வேலை வருகிற ஸ்வெட்டர். தையலே கிடையாது. உடம்புக்கு ஒரு குழாய், கைக்கு ரெண்டு குழாய். மூன்றையும் அக்குளில் ஒரே ஊசியில் சேர்த்து, ரெண்டு நிற நூலை மாற்றி மாற்றிப் பூப் போட்டுக்கொண்டே கண்ணியைக் குறைத்துக் குறைத்துக் கழுத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். ஏலியம்மா போட்டது பனிப்பூ. ராமுத்தாய் பனிப்பூவை எங்கே பார்த்தாள்? அவள் ஏலக்காய் போடுவது என்று முடிவு செய்தாள்.

சந்திரவல்லியின் பழைய கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாகக் காய் வரைந்தாள். மூணாறு போகிற டிரைவர் ஒருவரிடம் சொல்லி மெரூன், வெள்ளை, பச்சை என்று மூன்று நிறத்தில் நூல் வந்தது. சுற்றிப் பின்ன வளைகிற ஊசி வேண்டுமே. ரெண்டு மூங்கில் குச்சியைச் சீவி வழவழப்பாக்கி, நடுவே ஒயர் கூடை பின்னுகிற ஒயரைச் சொருகி, உருக்கி ஒட்டிக்கொண்டாள். இத்தனையும் செய்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் ஒரு சின்ன விஷயம் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை உயரமா குட்டையா, ஒல்லியா தடியா என்று அவளுக்குத் தெரியாது.

அவள் பார்த்ததெல்லாம் அவருடைய குதிகாலைத்தான். மணவறையில் அவர் உட்கார்ந்திருந்தபோது தூணுக்குப் பின்னாலிருந்து குனிந்த தலை நிமிராமல் முழுசாக ஒரு மணி நேரம் பார்த்தாள். குதிகாலை வைத்து ஸ்வெட்டர் பின்ன முடியாது.

“நாளைக்கு லோடு எறக்கிட்டுச் சந்திராகிட்டப் போயி அவுக சட்டை ஒண்ணு வாங்கிக் கொண்டாங்க. மாப்ளைக்குத் தெரியக்கூடாது” என்று அனுப்பினாள்.

கோட்டைச்சாமி வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“அவருக்கு இருக்கறதே மூணு சட்டை. ஒண்ணு மேல இருக்கு, ஒண்ணு ஸ்டோர்ல இருக்கு. மூணாவதக் கொண்டாந்தா மனுசன் தேடமாட்டாரா? கொடியில காஞ்சுச்சு. நானே அளந்துட்டு வந்துட்டேன். சுத்து நாலரைச் சாண். கை ரெண்டேகால். ஒசரம் மூணு சாண். சரிதான?”

“சரிதான்” என்றாள் ராமுத்தாய்.

எங்கே சரி? இருபத்தைந்து வருஷம் ஜீப்பும் லாரியும் ஓட்டி ஓட்டிக் கோட்டைச்சாமியின் கை முறம் கணக்காக விரிந்து கிடந்தது. அவர் அளந்தது அந்தக் கையால். அன்று சாயங்காலமே நாலரைச் சாணுக்குக் கண்ணி போட உட்கார்ந்த ராமுத்தாய் அளந்தது தன் கையால். அவள் சாணுக்கும் அவர் சாணுக்கும் நடுவே ரெண்டு விரற்கடை வித்தியாசம். கல்யாணமாகி இருபத்து ரெண்டு வருஷம் ஒரே தட்டில் மாற்றி மாற்றிச் சாப்பிட்டவர்கள், ஒருநாளாவது கையோடு கை வைத்துப் பார்த்திருந்தால்தானே!

போதாக்குறைக்கு ராமுத்தாயின் குணம் வேறு. அவளுக்கு எதையும் இறுக்கித்தான் கட்டத் தெரியும். சந்திரவல்லி பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆத்தா பின்னிவிட்ட ரெட்டைச் சடையில் பிள்ளைக்குக் கண் இமை மூடாது. அவள் கட்டின மூட்டையை மதுரை வரைக்கும் கொண்டுபோய் அங்கே அரிவாளால்தான் அறுக்க வேண்டும். பூ வேலையில் ஒரு நிறம் முன்னால் வரும்போது மற்ற நிறத்து நூல் பின்பக்கமாகச் சும்மா ஓடும். அதைத் தளரவிட வேண்டும் என்று ஏலியம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். “இழுத்தா சுருங்கிப்போகும் ராமுத்தாயி, கழுத்து கேறாது, தலை கேறாது.” கேறாது என்றால் அவள் பாஷையில் நுழையாது. ராமுத்தாய்க்கு அதெல்லாம் மறந்துபோயிற்று. மாப்பிள்ளைக்குச் செய்வதைத் தொளதொளவென்று செய்தால் ஏனோதானோவென்று செய்ததாக ஆகாதா? ஒவ்வொரு ஏலக்காய்க்கும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினாள்.

இந்த லட்சணத்தில் கோட்டைச்சாமி வாயை விட்டுவிட்டு வந்தார். ஐப்பசி பிறந்த வாரம் மலையிலிருந்து இறங்கி வந்து, முகத்தைக் கழுவாமல் நேரே அடுப்படிக்கே வந்து நின்றார்.

“தாயி, மாப்ளைகிட்டச் சொல்லிட்டேன்.”

“என்னத்த?”

“உங்க அத்தை தன் கையால ஸ்வெட்டர் பின்றான்னு. வருவாரேன்னு ஒரு ஆசையில சொல்லிட்டேன்.”

“சரி, என்னா சொன்னாரு?”

“‘மூஞ்சியே பாக்காதவுகளுக்கு அளவு எப்படி மாமா தெரியும்’னு சிரிச்சாரு. அப்புறம் யோசிச்சாரு. ‘சரி, தீவாளிக்கு வர்றேன். எல்லாரு முன்னாடியும் போட்டுப் பாக்கறேன். எனக்குக் கச்சிதமா இருந்துச்சுன்னா அத்தை என்னையப் பாத்திருக்காகன்னு ஒத்துக்கறேன். இல்லாட்டி நான் நெனச்சது நெசம். அன்னைக்கே பஸ்சு ஏறிருவேன். அதுக்கப்புறம் உங்க வீட்டு வாசல மிதிக்கமாட்டேன்’ன்னாரு.”

ராமுத்தாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் இனி இந்த வீட்டுக்கு வருவதும் வராததும் ஒரு ஸ்வெட்டரின் அளவில் நிற்கிறது.

“சட்டையக் கழத்துங்க” என்றாள்.

“எதுக்கு?”

“போட்டுப் பாக்கணும். வேற ஆம்பளைக்கு நான் எங்க போறது?”

உச்சி வெயில். ஓட்டு வீடு. மழைக்கு முன் வருகிற புழுக்கம். கோட்டைச்சாமி கையைத் தூக்கினார். ராமுத்தாய் ஸ்வெட்டரை மேலே கவிழ்த்து இழுத்தாள். அவருக்கு மண்டை சிறுசு, முடியும் கொட்டிப்போனது. அப்படியும் ரெண்டு காதையும் சிராய்த்துக்கொண்டுதான் தலை வெளியே வந்தது. தொப்பையில் வந்து ஸ்வெட்டர் நின்றுகொண்டது. கழுத்து முன்பக்கம் தொண்டையைப் பிடித்தது. அவர் முகம் ஸ்வெட்டரின் நிறத்துக்கே வந்துவிட்டது.

“தாயி... இறுக்குது...”

“தொப்பைய வளத்துட்டு ஸ்வெட்டரக் குத்தம் சொல்லாதீங்க. மாப்ளை எளவட்டம். அவுகளுக்கு எங்க தொப்பை?”

“காது எரியுதுடி!”

“புதுசு அப்படித்தான் இருக்கும். போடப் போட எளகும்.”

வாசலில் நின்று பார்த்த கருப்பம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. “அண்ணே, அந்தக் கழுத்தச் சுத்தி இருக்கறது பச்ச மொளகாயா?” என்றாள்.

“ஏலக்காடி!” என்று உள்ளேயிருந்து ரெண்டு குரல் வந்தது.

ஆக, ஸ்வெட்டர் சொன்ன ரெண்டு உண்மையில் ராமுத்தாய் ஒன்றை மட்டும் காதில் வாங்கினாள். தொண்டையைப் பிடிக்கிறது என்பதை நம்பினாள்; தலை நுழையத் திணறுகிறது என்பதை விட்டுவிட்டாள். அதற்கு ஏலியம்மாவின் மருந்து அவளுக்கு நினைவிருந்தது: கழுத்து முன்னால் இறங்க வேண்டும், பின்னால் ஏற வேண்டும். ஏலக்காய் மேல் விளிம்பு வரைக்கும் பிரித்து, முதுகுப் பக்கம் மட்டும் பாதிப் பாதிச் சுற்றாக நாலு வரிசை கூடுதலாகப் பின்னித் திரும்பினாள். பின்கழுத்து உயர்ந்தது, முன்கழுத்து இறங்கியது. அருமையான வேலை. ஏலியம்மா பார்த்திருந்தால் முத்தம் கொடுத்திருப்பாள். ஆனால் தலை நுழைகிற வாசல் ஓர் இம்மிகூடப் பெரிசாகவில்லை. கடைசிக் கண்ணியை முடித்து, வழக்கப்படி மூன்று முடிச்சுப் போட்டு, நாலாவதையும் போட்டாள்.

தீபாவளிக்கு முதல் நாள் ஜீப்பின் முன்சீட்டில் மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். ராமுத்தாய் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். சந்திரவல்லி ஓடி வந்து கட்டிக்கொண்டு, “ஆத்தா, இப்பவாவது வாங்கன்னு சொல்லு ஆத்தா” என்று காதில் கெஞ்சினாள். ராமுத்தாய்க்கு வாய் வரைக்கும் வந்தது. வாய்க்கு வெளியே வரவில்லை. நாற்பத்து மூன்று வருஷத்து வெட்கத்தை ஒரு நிமிஷத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது? கதவு இடுக்கில் பார்த்தாள். அதே குதிகால். மணவறையில் பார்த்த வெடிப்பு ஆறியிருந்தது. கூடத்தில் மாப்பிள்ளை ஒருமுறை தும்மினார்.

மறுநாள் விடியலில் எண்ணெய்க் குளியல் முடிந்தது. கூடத்தில் கோட்டைச்சாமி தாம்பாளத்தை நீட்டினார். வேட்டி, சட்டை, மேலே மடித்த ஸ்வெட்டர். அதன் வெள்ளைப் பட்டையில் ஓர் ஓரமாக மஞ்சள் தொட்டு வைத்திருந்தது. கருப்பம்மாள் தன் வீட்டுப் பலகாரத்தை வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள்; இதைப் பார்க்காமல் அவளுக்குத் தீபாவளி எதற்கு?

சோணைமுத்து ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தார். விரல் மெதுவாகப் பச்சைக் காய்களைத் தடவியது.

“ஏலக்காய்!” என்றார். “முத்துன காய். மொத ரகம்.”

கதவுக்குப் பின்னால் ராமுத்தாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒருத்தராவது மிளகாய் என்று சொல்லாமல் ஏலக்காய் என்று சொன்னாரே!

“போட்டுப் பாருங்க மாப்ளே” என்றார் கோட்டைச்சாமி. சொல்லும்போதே அவர் கை தன் காதைத் தடவிக்கொண்டது.

சோணைமுத்து புதுச் சட்டைக்கு மேல் கையை நுழைத்தார். தலையை விட்டார். அந்தக் காலத்து இளவட்டங்கள் மாதிரி காதை மூடிக் கழுத்து வரைக்கும் முடி வளர்த்திருந்தார். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, காய்ந்து, அந்த முடி அன்றைக்கென்று பொம்மென்று நின்றது. மண்டையும் சின்ன மண்டை இல்லை. மாமியார்தான் அந்த மண்டையைப் பார்த்ததே இல்லையே. கழுத்து வளையம் உச்சந்தலையைத் தொட்டது. அங்கேயே நின்றது. ஸ்வெட்டரின் உடம்புக் குழாயும் அவர் அக்குளோடு நின்றது. ரெண்டு கையும் மேலே தூக்கியபடி, தலை உள்ளே, ஏலக்காய் மாலை நெற்றிக்கு மேலே. மனிதர் நட்டுவைத்த கம்பம் மாதிரி கூடத்தின் நடுவே நின்றார்.

“இழுங்கப்பா” என்றாள் சந்திரவல்லி. கோட்டைச்சாமி கீழே இழுத்தார். வரவில்லை. “மேல இழும்மா” என்றார். சந்திரவல்லி மேலே இழுத்தாள். அதுவும் வரவில்லை. கருப்பம்மாள் பலகாரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கவாட்டில் இழுத்தாள். அது யாருக்கும் உதவவில்லை.

உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. அடுத்து குரல் வந்தது.

“பாத்தீகளா மாமா? அத்தை என்னையப் பாத்த லட்சணத்த? என்னை உசுரோட கட்டிப் போடத்தான் கூப்புட்டீகளா? மூச்சு முட்டுது! எத்தனை மணிக்குப் பஸ்சு?”

“இந்தா, நான் கத்தரிக்கோல் கொண்டாறேன். கழுத்துல வச்சு ஒரே வெட்டு” என்று கருப்பம்மாள் கிளம்பினாள்.

தலைதீபாவளியன்று மாப்பிள்ளை கழுத்தில் கத்தரிக்கோலா! ராமுத்தாய் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வெளியே வரச் சொன்னது, சிலமலை உள்ளே இழுத்தது. அந்த நேரத்தில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது என்பதுதானே வழக்கம். மாப்பிள்ளை கண்தான் ஸ்வெட்டருக்குள் இருக்கிறதே!

கூடத்துக்கு வந்துவிட்டாள். கருப்பம்மாளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வெட்டாத. இது அவுக்கறதுடி, அறுக்கறது இல்ல.” பிறகு ஸ்வெட்டரைப் பார்த்துச் சொன்னாள். “மாப்ளே, அசையாதீக. நான் சந்திராவோட ஆத்தா.”

உள்ளே தும்மல் பாதியில் நின்றது.

“அத்தையா?”

“அத்தைதான். அப்படியே உக்காருங்க. எனக்கு எட்டலை. கையத் தூக்கியே வச்சுக்கங்க. வாயால மூச்சு விடுங்க.”

சோணைமுத்து தூக்கின கையோடு தரையில் உட்கார்ந்தார். ராமுத்தாய் முழங்காலிட்டு நாலு முடிச்சையும் தேடினாள். அவள் போட்ட முடிச்சு, நகத்துக்கு வருமா? பல்லால் கடித்து ஒவ்வொன்றாக இளக்கினாள். நூல் முனை கிடைத்தது. ஒரே இழுப்பில் ஒரு சுற்று சரசரவென்று பிரிந்தது.

“கருப்பம்மா, நீ பச்சையச் சுத்து. நீங்க வெள்ளையச் சுத்துங்க. சிக்கலாக்கிப்புடாதீங்க” என்று ஆளுக்கு ஒரு முனையைக் கொடுத்தாள். பிரித்துக்கொண்டே பேசினாள். வாய் திறந்தது ஒருமுறை திறந்ததுதான். அதற்குப் பிறகு நூல் மாதிரி அதுவும் நிற்கவில்லை.

“உங்களப் புடிக்காமயா என் புள்ளயக் கொடுப்பேன்? எங்க ஊருல மாப்ளை முன்னாடி வரமாட்டோம். அதுதான் எனக்குத் தெரிஞ்ச மரியாதை. வேற மரியாதை எனக்கு யாரும் சொல்லித் தரலை. கல்யாணத்தன்னைக்கு ஒரு மணி நேரம் உங்க குதிகாலத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். வலது குதியில வெடிப்பு இருந்துச்சு. ரத்தம் கட்டியிருந்துச்சு. வேப்பெண்ணெயில மஞ்சளக் குழைச்சுத் தடவிவிடுன்னு சந்திராகிட்டச் சொல்லி அனுப்புனேன். தடவுனாளா?”

ஸ்வெட்டருக்குள் தலை ஆடியது.

“தடவுனா அத்தை. ஆறிப்போச்சு.” குரல் இறங்கியிருந்தது. “அவ பாத்துச் செஞ்சதுன்னுல்ல நெனச்சேன்.”

“நான் பாத்தது.”

சந்திரவல்லி சேலை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோட்டைச்சாமி வெள்ளை நூலைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். எதில் சுற்றுவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கழுத்துப் பட்டை போயிற்று. பின்கழுத்துக்கென்று பாடுபட்டுப் பின்னின அரைச் சுற்றுகள் போயின. ஏலக்காய் முனைகள் ஒவ்வொன்றாக உருவின. வளையம் விரிய விரிய முதலில் முடி வந்தது, பிறகு நெற்றி வந்தது. நெற்றியில் வியர்வையும் மெரூன் நாரும் ஒட்டியிருந்தன. பிறகு புருவம்.

ராமுத்தாயின் கை நின்றது.

இன்னும் ஒரே சுற்று. அதை உருவினால் கண் வெளியே வரும். எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டு, மிச்சத்தை உருவச் சந்திரவல்லியிடம் சொல்லலாம். யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். ராமுத்தாய்க்கு அரிசிப் பானைக்கு மேலே செருகிய கடிதம் நினைவுக்கு வந்தது, அதில் கடைசி வரியும் நினைவுக்கு வந்தது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். நூலை இழுத்தாள்.

ரெண்டு கண் வெளியே வந்தது. நல்ல பெரிய கண். சிவந்துபோய், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ராமுத்தாய் தலையைக் குனியவில்லை.

“வாங்க மாப்ளே” என்றாள்.

வைகாசியிலிருந்து சோணைமுத்து காத்திருந்த வார்த்தை.

“வந்துக்கிட்டே இருக்கேன் அத்தை” என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. “மூக்குதான் இன்னும் வரணும்.”

கருப்பம்மாள் போட்ட சிரிப்பில் பச்சை நூல் உருண்டை வாசல் வரைக்கும் ஓடியது. ராமுத்தாய் சிரித்தாள், கண்ணீரும் வந்தது. ரெண்டையும் அதே முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த சுற்றை உருவினாள். மூக்கு வந்ததும் அது முதல் வேலையாகத் தும்மியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, முழுசாகப் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பின்ன உட்கார்ந்தாள். இந்த முறை அளவு எடுக்க யாரையும் அனுப்பவில்லை. கோட்டைச்சாமி தம் கையை விரித்துக்கொண்டு, “நாலரைச் சாண், நான் அளந்தது தப்பாப் போகாது” என்று வாதாடினார். ராமுத்தாய் தன் கையை அந்தக் கையின் மேல் வைத்தாள். அவர் கை ரெண்டு விரற்கடை நீண்டு நின்றது. “அடப்பாவி” என்றார் கோட்டைச்சாமி. யாரை என்று தெரியவில்லை.

“கையத் தூக்குங்க மாப்ளே” என்றாள் ராமுத்தாய்.

சோணைமுத்து தூக்கினார். அவள் தன் விரலை விரித்து மார்பை அளந்தாள், கையை அளந்தாள், கடைசியில் அந்த முடியையும் சேர்த்துத் தலையைச் சுற்றி அளந்தாள். மூன்றே கால் சாண். மறக்காமல் இருக்கக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“எத்தனை நாளாகும் அத்தை?”

“தளத்திப் பின்னணுமில்ல, நாளாகும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து போட்டுப் பாத்துட்டுப் போங்க” என்றாள் ராமுத்தாய். “சந்திராவையும் கூட்டிட்டு வாங்க.”